யார் கூற்று? – மேல்நிலை வகுப்பில் ஆங்கில இலக்கியம்

கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரம் என்று நினைவு. எங்கள் ஆங்கில விரிவுரையாளர் வகுப்பினுள் வந்து, வழக்கமான வருகைப் பதிவு முடிந்ததும், ஒரு கவிதையைக் கரும்பலகையில் எழுதினார். மொத்தம் பன்னிரண்டு அடிகள். தலைப்பும் இல்லை, கவிஞர் பெயரும் இல்லை. "அரை மணி நேரம் தருகிறேன். படித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்" என்று சொல்லி நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

நான் 'திஸ் போயம் இஸ் ரிட்டன் பை' என்று தொடங்கி, அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்தினேன். யார் எழுதியது என்று தெரிந்தால் அல்லவா மேலே போக முடியும்? பக்கத்தில் இருந்த நண்பன் தாளை எட்டிப் பார்த்தேன். அவனும் அதே ஐந்து சொற்களோடு நின்றிருந்தான். மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் எண்பத்தேழு மதிப்பெண் வாங்கியவன் நான். அன்று மணி அடிக்கும்வரை மூன்று வரிகூட எழுதவில்லை. முதற் பருவத்தில் அந்தத் தாளில் அரியரும் வைத்தேன். (அரியலூர் என்ற பெயரே இதனால்தான் வந்தது என்று எங்கள் வகுப்பில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.)

அன்று மாலை கீழப்பழுவூர்ப் பேருந்தில் நின்றுகொண்டே வரும்போது ஒரு கேள்வி மனத்தில் எழுந்தது. மேல்நிலை வகுப்பில் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலக் கவிதை படித்தேனே, அப்போது நான் படித்தது எதை? என்னைப் போல் சிற்றூரிலிருந்து வந்து ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு இக்கேள்வி புதிதாக இராது. ஆகவே அதைப்பற்றி நான் தெரிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு நீங்கி, மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது 1978-இல். அது முதல் ஆங்கிலம் எல்லா மாணவர்க்கும் பொதுவான மொழிப் பாடமாக இருந்து வருகிறது. நெடுங்காலம் இரண்டு தாள்களாக இருந்ததை 2018-19 கல்வியாண்டில் ஒரே தாளாக்கினார்கள். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. கணிதம் படிப்பவரும் வணிகவியல் படிப்பவரும் கலைப் பிரிவினரும் ஒரே நூலைத்தான் படிக்க வேண்டும். தமிழைத் தனி ஆர்வத்தோடு பயில விரும்புவோர்க்குச் சிறப்புத் தமிழ் என்று ஒரு விருப்பப் பாடம் வைத்தார்கள். ஆங்கிலத்தின் பக்கம் உள்ள விருப்பப் பாடத்திற்கு கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்று பெயர். பேசவும் எழுதவும் பயிற்றுவதே அதன் வேலை. ஆக, ஆங்கில இலக்கியத்தை இலக்கியமாகவே படிக்கும் பாடம் நம் மேல்நிலைத் திட்டத்தில் இடம் பெறவில்லை. அது மொழிப் பாடத்துக்குள் ஒரு பகுதியாக அடங்கியிருக்கிறது.

அப்படியானால் பாடநூல் மோசமா என்றால், இல்லவே இல்லை. 2018-இலும் 2019-இலும் வெளிவந்த பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்களை இன்று எடுத்துப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன், பிரௌனிங், எலியட் ஆகியோர் இருக்கிறார்கள். நைஜீரியாவின் கேப்ரியல் ஒகாரா இருக்கிறார். வங்காளத்துத் தோரு தத் இருக்கிறார். அறிஞர் அண்ணா 1967-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பட்டமளிப்பு விழா உரை பதினொன்றாம் வகுப்பில் உண்டு. கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலக் கோலத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்திருக்கிறது. கரிசல் காட்டு வீட்டுக்கு ஒரு நாற்காலி வந்த கதையை ஆங்கிலத்தில் படித்து, அதன் பொருளைத் தமிழில் விளங்கிக்கொண்டு, விடையை மறுபடி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த தலைமுறை எங்களுடையது! இதை கி.ரா.வே அறிந்திருந்தால் நல்ல கதை ஒன்று எழுதியிருப்பார்.

குறை நூலில் இல்லை. நூலைத் தேர்வுக்காக நாம் அணுகும் முறையில்தான் இருக்கிறது. கவிதையின் இரண்டு அடிகளைக் கொடுத்து 'இடஞ்சுட்டி விளக்குக' என்பார்கள். எந்தக் கவிதை, யார் கவிஞர், என்ன சூழல், என்ன பொருள் என்ற நான்கு பெட்டிகளையும் நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும். நிரப்ப வேண்டியவை கைடில் இருக்கும். கவிதையைத் திறந்தே பாராமல் கவிதை பற்றிய பத்தியை ஒப்பித்தவர்களை நான் அறிவேன். ஏன், நானே அவர்களில் ஒருவன்தான். கவிஞர் பெயரில்லாத பன்னிரண்டு அடிகள் என்னைத் திகைக்க வைத்ததற்குக் காரணம் இதுவே. என்னிடம் பெட்டிகள் இருந்தன. நிரப்புவதற்குச் சரக்கு இல்லை.

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில் படிக்கும் 'ஏ லெவல்' என்னும் தேர்வுமுறை 1951-இல் தொடங்கியது. அங்கே மாணவர் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்துகொள்வர். ஆங்கில இலக்கியத்தைத் தேர்ந்தவர் குறைந்தது 8 நூல்களை முழுமையாகப் படிக்க வேண்டும். அவற்றுள் மூன்றேனும் 1900-க்கு முற்பட்டவையாக இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்று ஷேக்ஸ்பியர் நாடகம். 2000-க்குப் பின் வந்த நூலும் ஒன்றேனும் வேண்டும். மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு மாணவர் வீட்டிலும் நூலகத்திலும் இருந்து எழுதும் கட்டுரைக்கு. இவற்றோடு, முன்பின் பாராத ஒரு பகுதியைத் தேர்வு அறையிலேயே படித்து எழுதும் வினாவும் உண்டு. எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதியது இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இந்தப் 'பாராத பகுதி' வினாவுக்கு ஒரு சுவையான முன்கதை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர் கையில் கொடுத்து, கருத்துகளை எழுதி வாங்கினார். பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த விடைகளைத் தொகுத்து 1929-இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூலாக்கினார். அந்நூலைப் புரட்டினால் நம் மனம் ஆறுதல் அடையும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தையே சிறப்புப் பாடமாகப் படித்த கேம்பிரிட்ஜ் மாணவர் பலர், கவிதையின் நேர்ப்பொருளைக்கூடத் தவறவிட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாததால் பெரிய கவிஞரை இகழ்ந்தவரும் உண்டு. சிறிய கவிஞரைப் புகழ்ந்தவரும் உண்டு. பெயரைக் கொண்டு கவிதையை மதிப்பிடும் நோய் நமக்கு மட்டும் உரியதன்று.

இலங்கையிலும் உயர்தர வகுப்பில் கலைப் பிரிவினர் ஆங்கிலத்தை ஒரு தனிப் பாடமாக எடுத்து நாடகம், நாவல், கவிதை என்று பயில வழியுண்டு. நம் நாட்டிலேயே ஐ.எஸ்.சி. முறையில் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பினர் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை முழுமையாகப் படிக்கிறார்கள். 'அவர்களுக்கு வீட்டில் ஆங்கிலம் உண்டு, நூலகம் உண்டு. நமக்கு என்ன உண்டு?' என்று நண்பர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. உண்மைதான். என் வீட்டில் நான் ஆங்கிலம் படிப்பதன் பயன் வங்கியிலிருந்து வரும் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துச் சொல்வதோடு முடிகிறது. எட்டு நூல்களை விலை கொடுத்து வாங்கும் வசதி நம்மில் பலர்க்கு இல்லை. ஆயினும் காசு செலவில்லாத ஒரு கேள்வி நம் கையிலேயே இருக்கிறது. அதை எனக்குக் கொடுத்தது ஆங்கில வகுப்பு அன்று, தமிழ் வகுப்பு.

குறுந்தொகைப் பாட்டு ஒன்றை நடத்தும்போது தமிழாசிரியர் முதலில் என்ன கேட்பார்? 'இது யார் கூற்று? யாரிடம் சொன்னது?' என்பார். தலைவி கூற்றா, தோழி கூற்றா, பரத்தை கூற்றா என்று தெரியாமல் ஓர் அடிகூட மேலே செல்ல விடமாட்டார். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் 34 உறுப்புகளில் கூற்று ஒன்று, கேட்போர் ஒன்று, களன் ஒன்று, காலம் ஒன்று. முன்னம் என்றும் ஓர் உறுப்பைச் சொல்கிறார். இந்த இடத்தில் இந்தச் சொல்லை இன்னார் இன்னார்க்குச் சொல்வதுதான் பொருந்தும் என்று, பாட்டின் சொற்களைக் கொண்டே நாம் உய்த்துணர்வது அது. பாராத பகுதியை வைத்துக்கொண்டு ஏ லெவல் மாணவன் செய்ய வேண்டிய முதல் வேலையும் இதுதானே! ஏ. கே. ராமானுஜன் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கியபோது 'அவள் சொன்னது', 'தோழி சொன்னது' என்னும் பொருள்பட்ட தலைப்புகளையே பாட்டுகளுக்கு இட்டார். ஆங்கில வாசகர்க்கும் கூற்று விளங்காமல் பாட்டு விளங்காது என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

இக்கேள்வியை நம் மேல்நிலை நூலில் வைத்துப் பார்க்கலாம். மனித வாழ்வின் ஏழு பருவங்களைச் சொல்லும் ஷேக்ஸ்பியர் பகுதி பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது. நான் தேர்வில் 'ஷேக்ஸ்பியர் கூறுகிறார்' என்றே எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. கல்லூரியில் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தை முழுவதும் படித்தபோதுதான், அதைச் சொல்பவன் ஜாக்குவிஸ் என்று எனக்கு உறைத்தது. அவன் எதைக் கண்டாலும் சலித்துக்கொள்ளும் பேர்வழி. துயரத்தையே ஓர் அணியாக அணிந்து திரிபவன். கடைசிப் பருவமாகிய முதுமையில் பல்லும் கண்ணும் சுவையும் போய் ஒன்றுமில்லாமற் போவதாக அவன் பேசி முடிக்கிறான். முடித்த உடனே மேடையில் யார் வருகிறார்கள் தெரியுமா? ஏறக்குறைய எண்பது வயதுக் கிழவனாகிய ஆதாமைத் தூக்கிக்கொண்டு இளைஞன் ஆர்லாண்டோ வருகிறான். அந்த ஆதாம் யார்? தன் வாழ்நாள் சேமிப்பாகிய ஐந்நூறு பொற்காசையும் எசமானின் மகன் கையில் கொடுத்துவிட்டு, அவனோடு காட்டுக்கு நடந்து வந்தவன். முதுமை ஒன்றுமில்லை என்று ஒருவன் சொல்லி வாயை மூடுவதற்குள், நன்றியும் அன்பும் நிறைந்த முதுமையை ஷேக்ஸ்பியர் மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஜாக்குவிஸின் பேச்சு மட்டும் ஷேக்ஸ்பியரின் கருத்து என்று எப்படிச் சொல்வது? பாடநூலில் பேச்சு மட்டுமே இருக்கிறது, ஆதாம் இல்லை. அது நூலாசிரியர் குற்றம் என்று சொல்லமாட்டேன், இடம் அவ்வளவுதான். ஆனால் 'யார் கூற்று?' என்று நான் அப்போதே கேட்டிருந்தால் ஆதாமைத் தேடிப் போயிருப்பேன்.

டென்னிசனின் 'யுலிஸஸ்' இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. நண்பன் ஹாலம் இறந்த துயரத்தில் 1833-இல் எழுதி 1842-இல் வெளியிட்ட கவிதை அது. தளராத ஊக்கம், ஓயாத முயற்சி என்றே நாம் எல்லோரும் விடை எழுதுவோம். அது தவறும் அன்று. ஆனால் பேசுபவன் யார்? போரிலும் கடலிலும் இருபது ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய ஒரு கணவன், ஒரு தந்தை, ஓர் அரசன். மூத்துவிட்ட மனைவியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு சொல் சொல்கிறான். ஆட்சியை மகன் தலையில் வைத்துவிட்டு மறுபடியும் கப்பலேறுகிறான். நம் பாலைத் திணையில் பிரியும் தலைவனைப் பற்றி வீட்டில் இருப்பவள் பேசுவாள். அவளுக்காகத் தோழி பேசுவாள். டென்னிசன் பாட்டில் பிரிகிறவன் ஒருவனே பேசுகிறான், பெனலப்பி வாயைத் திறக்கவில்லை. அவள் கூற்றாக ஒரு பாட்டு இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதன்பிறகு அந்த வீரம் எனக்கு முன்போல் குறையற்றதாகத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் ஏ லெவல் விடைக்கு வைத்திருக்கும் ஐந்து அளவுகோல்களில், ஒரே நூலை வேறுவேறாகப் பொருள்கொள்ள இடமுண்டு என்று காட்டுவதும் ஒன்று. பாலைத் திணை படித்த நமக்கு அது ஒன்றும் கடலைத் தாண்டும் வேலை அன்று.

இதைக் கொண்டு எல்லாக் கதவையும் திறந்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு இம்முறை பிடிபட்ட புதிதில், கண்ட கவிதைக்கெல்லாம் திணை வகுத்துக் கேலிக்கு ஆளானேன். வேர்ட்ஸ்வொர்த் 1798-இல் வெளியிட்ட இளவேனிற் கவிதை ஒன்று பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. கடுங்குளிர் நீங்கித் துளிர் விடும் காலத்தின் மகிழ்ச்சி அதன் அடித்தளம். எங்கள் ஊரில் இளவேனில் என்பது சித்திரை வெயிலில் தார் உருகும் காலம். அந்த வெயிலில் நின்றுகொண்டு அந்தக் கவிதையைப் படித்தால் கவிஞர்மேல் கோபந்தான் வரும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி கூற்று அன்று, களனும் காலமும்.

தோரு தத்தின் சவுக்கு மரக் கவிதையிலும் இதே இடறல். சவுக்கு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வரிசையாக நட்டு, நாலைந்து ஆண்டில் வெட்டிப் பந்தற்காலுக்கு விற்கும் மெல்லிய மரம். அதை எண்ணி ஒரு பெண் ஏன் இப்படி உருக வேண்டும் என்று பள்ளியில் எனக்கு விளங்கவேயில்லை. அவர் பாடியது தோட்டத்தில் தனித்து ஓங்கி, மலைப்பாம்புபோல் கொடி சுற்றிய, உச்சியில் குரங்கு அமரும் ஒரு பழைய பெருமரம். அதன் நிழலில் அவரோடு விளையாடிய தமையனும் தமக்கையும் 1865-இலும் 1874-இலும் இறந்து போனார்கள். அவரும் 1877-இல் இருபத்தோராம் வயதில் மறைந்தார். கவிதை நூலாக வந்தது 1882-இல். எங்கள் கீழப்பழுவூர்ச் சிவன் கோயிலுக்கு ஆலந்துறை என்று பெயர். ஆலமரமே தலமரம், இறைவன் பெயர் வடமூலநாதர். சம்பந்தர் பாடிய தலம். ஒரு மரத்தின் பெயரால் ஒரு கோயில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அழைக்கப்படுவதை நினைத்தபோதுதான், மரத்தைப் பாட்டில் வைத்துச் சாகாமற் காக்க நினைத்த அந்தப் பெண்ணின் எண்ணம் எனக்குப் புரிந்தது. சவுக்கை மறந்துவிட்டு ஆலை நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் என் சித்தப்பா மகள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எட்வின் மூயரின் 'தி காசில்' பாடம். கோட்டைக்குள் இருக்கும் வீரன் ஒருவன், தாங்கள் தோற்ற கதையைச் சொல்கிறான். மதில் உயரம், உணவு நிறைய, பகைவர் தொலைவில். கடைசியில் கிழட்டு வாயிற்காவலன் பொன்னுக்கு ஆசைப்பட்டுச் சிறு கதவைத் திறந்துவிட, கோட்டை விழுந்தது. பேராசை கேடு தரும் என்று கைடில் இருந்ததை அவள் பாதி மனப்பாடம் செய்திருந்தாள்.

"கைட மூடி வை. யாரு சொல்றா இந்தக் கதைய?" என்றேன்.

"சோல்ஜர்."

"கதவத் தொறந்தவனா?"

"இல்லண்ணே. மேல மதிலு மேல இருந்தவன்."

"அவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு பாட்டுல இருக்கா, பாரு."

அவள் விரலை வைத்து ஒவ்வோர் அடியாகப் படித்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பழுவேட்டரையர் கட்டிய கற்கோயில்கள் இன்றும் நிற்கின்றன; அவர்கள் கோட்டை இருந்த இடந்தான் தெரியவில்லை. அதைப்பற்றிப் பேச்சை வளர்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே நிமிர்ந்தாள்.

"அண்ணே, இவன் நல்லா சாஞ்சுக்கிட்டு, கீழ வயல்ல புல்லு அறுக்கிறவங்கள வேடிக்கை பாத்துக்கிட்டிருந்திருக்கான். காவலா காத்தான்? கிழவன் மேல மட்டும் பழியப் போடுறான். எங்களால ஒன்னும் பண்ண முடியலன்னு சாகுற வரைக்கும் சொல்லுவேங்கிறான். யாருகிட்ட சொல்றான்?"

எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. நான் அந்தக் கவிதையை இரண்டு ஆண்டுகள் கையில் வைத்திருந்தும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அந்த வீரன் கேட்போர் யார் என்று நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசினோம். பிள்ளைகளிடம் சொல்கிறான் என்றாள் அவள். தன்னிடமே சொல்லிக்கொள்கிறான் என்றேன் நான்.

பிறகு அவள் கேட்டாள்: "இத எழுதுனா மார்க் வருமாண்ணே?"

வரும் என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. விடைக்குறிப்பில் வாயிற்காவலனும் பொன்னும்தான் இருக்கும். முதலில் அவற்றை எழுது, கடைசியில் இரண்டு வரி மிச்சம் வைத்து இதையும் எழுது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் 'வேடிக்கை பார்த்தான்' என்று எழுதி வைத்துக்கொண்டாள்.